பார்வையின் இடமும் பார்வையின் பொருளும்



1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் நிலைக்கு மருத்துவத்தில் தனி அடையாளம் கிடைக்க அந்தக் கட்டுரையே வழி திறந்தது. அதில் முதலாவதாக வரும் குழந்தையின் தந்தை, மகனைப் பற்றி 33 பக்கங்கள் தட்டச்சு செய்து கானருக்கு அனுப்பியிருந்தார். பிள்ளை எதைச் சுழற்றி விளையாடினான், எந்தச் சொற்களை மீண்டும் மீண்டும் சொன்னான், வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்தான் என்று அருகிலிருந்து பார்த்த ஒருவர் எழுதிய குறிப்பு அது. இன்று ஒரு குழந்தையைத் திரைக்கு முன் பத்து நிமிடம் உட்கார வைத்தால், அந்த 33 பக்கங்களில் இருந்த எழுத்துகளைவிட அதிகமான எண்களை ஒரு கருவி குவித்துவிடும். கண் எங்கே போயிற்று, எவ்வளவு நேரம் நின்றது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, பெயர் சொல்லிக் கூப்பிட்ட எத்தனை நொடிக்குப் பிறகு திரும்பியது என்று எல்லாம் கணக்கில் வந்துவிடும். இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் தந்தையின் குறிப்பில் இருந்த ஒரு தவிப்பு இவற்றில் இல்லை: இவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்ற தவிப்பு. நடத்தையின் வடிவத்தைக் கருவி அளக்கிறது. அதன் பொருளை நாம்தான் இட்டு நிரப்புகிறோம். நிரப்பிவிட்டு, கருவியே சொன்னது என்று நம்பிக்கொள்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

கருவிகளே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. மனித நினைவு எவ்வளவு வளையக்கூடியது என்பதை மருத்துவமனையில் குழந்தையின் வரலாறு கேட்டு எழுதும் எவரும் அறிவார்கள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டால், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு நினைவும் அந்தச் சொல்லின் நிறத்தை ஏற்றுக்கொண்டுவிடும். பெற்றோர் பொய் சொல்வதில்லை. நினைவே தன்னைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலி ஆஸ்டர்லிங்கும் ஜெரால்டின் டாசனும் இதற்கு எளிய ஒரு வழி கண்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று அறியப்பட்ட 11 குழந்தைகள், அப்படி அறியப்படாத 11 குழந்தைகள் ஆகியோரின் முதல் பிறந்தநாளில் வீட்டில் எடுத்த வீடியோ நாடாக்களை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். பிறர் முகத்தைப் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது ஆகியவற்றில் இரு குழுவுக்கும் வேறுபாடு ஒரு வயதிலேயே தெரிந்தது. எதிர்காலம் யாருக்கும் தெரியாத நாளில் எடுத்த நாடா என்பதால், பின்னால் வந்த செய்தி அதை வளைக்க முடியவில்லை. 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், குழந்தையின் சட்டைப் பையில் வைத்த சிறு ஒலிப்பதிவுக் கருவி நாள் முழுவதும் கேட்டதை 232 குழந்தைகளிடமிருந்து 1,486 பதிவுகளாகத் திரட்டினார்கள். குழந்தை எழுப்பும் ஒலிகளின் அமைப்பைக் கணினியே பிரித்துப் பார்த்தது. எந்த ஆய்வாளரும் அத்தனை வீடுகளில் அத்தனை நாள் உட்கார்ந்து கேட்டிருக்க முடியாது. கருவியின் பெருமை இதில்தான்: அது சோர்வதில்லை, மறப்பதில்லை, முன்முடிவோடு நினைவுகூர்வதில்லை.

இந்தத் துறையில் மிக அதிகம் பேசப்படும் கருவி, கண்ணசைவைப் பதிவு செய்வது. அதன் வேலை கேட்பதற்கு எளிது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விழியின் மேல் விழுகிறது. விழிப் பரப்பில் அது தெறிக்கும் புள்ளியையும் பாவையின் நடுவையும் ஒரு கேமரா நொடிக்குப் பல பத்து முறை படம் பிடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள விலகலை வைத்துத் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறார் என்று கணினி கணக்கிடுகிறது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் அமி கிளின், வாரன் ஜோன்ஸ் முதலானோர் இதை ஒரு திரைப்படத்தோடு இணைத்தார்கள். தேர்ந்தெடுத்த படம் 1966இல் வந்த ‘ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்’. நான்கே முக்கியப் பாத்திரங்கள், ஓர் இரவு, ஓயாத வாய்ச்சண்டை. சொல்வதற்கும் முகம் காட்டுவதற்கும் எப்போதும் பொருத்தமில்லாத காட்சிகள். ஆட்டிசம் உள்ள 15 ஆண்களும் இல்லாத 15 ஆண்களும் அதைப் பார்த்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களின் பார்வை பெரும்பாலும் பாத்திரங்களின் கண்களில் இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் பார்வை வாய், உடல், அறையில் கிடக்கும் பொருள்கள் என்று அதிகம் சென்றது. இரு குழுவினரையும் பிரித்தறிய மிகச் சிறந்த அளவு, கண்களைப் பார்க்கும் நேரக் குறைவு என்று அவர்கள் எழுதினார்கள்.

அந்த ஆய்வின் இரண்டாவது முடிவு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆட்டிசம் உள்ள பதினைந்து பேருக்குள்ளேயே பார்த்தால், வாயை அதிகம் பார்த்தவர்கள் அன்றாட வாழ்க்கையில் மற்றவர்களோடு ஓரளவு நன்றாகவே ஒட்டியிருந்தார்கள். பொருள்களை அதிகம் பார்த்தவர்களுக்கு அது கடினமாக இருந்தது. கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது இந்த விஷயத்தில் எதையுமே முன்னறிவிக்கவில்லை. அதாவது, ‘குறைபாடு’ என்று எண்ணத் தோன்றும் வாய்ப்பார்வை, சிலருக்கு உலகத்தைப் புரிந்துகொள்ளும் மாற்று வழியாக இருந்திருக்கலாம். பேச்சு வருவது வாயிலிருந்து. பேச்சைப் பிடித்துக்கொண்டு உறவைப் புரிந்துகொள்கிறவர் வாயைப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் பொதுவெளிக்கு வந்து சேர்ந்தது முதல் முடிவு மட்டும்தான். ‘ஆட்டிசக் குழந்தை கண்ணைப் பார்க்காது’ என்ற ஒற்றை வாக்கியமாக அது சுருங்கியது. கருவி இரண்டு செய்திகளைத் தந்தது. நம் முன்முடிவுக்குப் பொருந்திய ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம்.

2013இல் அதே ஜோன்ஸும் கிளினும் ‘நேச்சர்’ இதழில், பிறந்து இரண்டு மாதத்திலிருந்து தொடங்கி 110 குழந்தைகளைத் தொடர்ந்து பதிவு செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 59 பேருக்கு மூத்த உடன்பிறப்பு ஒருவர் ஆட்டிசத்தோடு இருந்தார். பின்னால் ஆட்டிசம் அறியப்பட்ட குழந்தைகள் இரண்டு மாதத்தில் கண்களைப் பார்க்கவே செய்தார்கள். இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பார்வை படிப்படியாகக் குறைந்தது. பிறக்கும்போதே முகத்தில் நாட்டமில்லாத குழந்தை என்ற பழைய எண்ணத்தை இது அசைத்தது. கருவி இல்லாமல் இதை யாரும் கண்டிருக்க முடியாது; எவ்வளவு அன்போடு பார்த்தாலும் ஒரு தாய்க்குக்கூட இந்த இறக்கம் தெரியாது, அவ்வளவு சிறியது. பின்னால் ஆட்டிசம் அறியப்பட்டவர்கள் 13 பேர் மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. எண்ணிக்கை குறைவு, வளைகோடு அழகு: இந்தச் சேர்க்கை எப்போதும் நம்மைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்ல வேண்டும்.

சரி, பார்வை குறைகிறது. ஏன் குறைகிறது? இங்கேதான் இடைவெளி வாய் பிளக்கிறது. ஒரு விளக்கம்: அக்குழந்தைக்கு மற்றவர் கண்களில் ஆர்வமில்லை. இன்னொரு விளக்கம்: கண்கள் தாங்க முடியாத அளவுக்கு அக்குழந்தையைத் தாக்குகின்றன. கண்ணசைவுக் கருவிக்கு இவ்விரண்டும் ஒரே எண். 2005இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூளைப் படமெடுப்பையும் கண்ணசைவுப் பதிவையும் ஒன்றாகச் செய்து பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் முகங்களின் கண்களைப் பார்த்த நேரம் கூடக்கூட, அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயற்பாடும் கூடியது. 2017இல் பாஸ்டனில் நடந்த ஆய்வில், கண்களை மட்டுமே பார்க்கும்படி கட்டுப்படுத்தியபோது மூளையின் ஆழ்ந்த பகுதிகள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தன. கண்களைப் பார்ப்பது எரிகிறது, வலிக்கிறது, பார்த்தால் பேச்சு காதில் விழுவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூளைப் படம் வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குச் செவி கிடைத்தது என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. விளக்கம் மாறினால் செய்ய வேண்டியதும் தலைகீழாக மாறும். ஆர்வமின்மை என்றால், பார்க்கப் பழக்கலாம். வலி என்றால், தாடையைப் பிடித்துத் திருப்பி ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று பழக்குவது அந்த வலிக்குள் குழந்தையைத் தள்ளுவதாகும். நம் ஊரில் மரியாதைக்குரியவர் முன் கண்ணைத் தாழ்த்தும் பிள்ளையைப் பண்புள்ள பிள்ளை என்கிறோம். அதே தாழ்ந்த கண்ணை இன்னொரு பிள்ளையிடம் நோயின் குறி என்கிறோம். பொருள் கண்ணில் இல்லை, பார்ப்பவர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டுமா? தமிழில் சிலர் வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லை நான் தவிர்ப்பதும் இதனால்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு முன்பே அது தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இன்னொரு கேள்வி: கேமரா ஏன் ஒரு பக்கமே திரும்பியிருக்கிறது? உரையாடல் என்பது இருவர் செய்யும் காரியம். 2012இல், தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரிதல் தவறுவது இருபக்கத் தவறு என்று வாதிட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்றால், மற்றவருக்கும் அவரைப் புரியவில்லை. 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் நோவா சாசனும் அவரது குழுவும் நடத்திய ஆய்வு இதைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சில நொடிப் பதிவுகளை மற்றவர்களுக்குக் காட்டி, இவரோடு பழக விருப்பமா என்று கேட்டார்கள். யார் ஆட்டிசம் உள்ளவர் என்று சொல்லவில்லை. படமாகவோ குரலாகவோ கொடுத்தபோதெல்லாம் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. அவர்கள் பேசியதை வெறும் எழுத்தாகக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. அவர்கள் சொன்ன செய்தியில் குறை ஏதுமில்லை. சொன்ன முகத்தையும் குரலையும் கண்டு மற்றவர்கள் நொடிகளில் விலகிக்கொண்டார்கள். ஆட்டிசத்தைப் பற்றிய ஆய்வில், ஆட்டிசம் இல்லாதவரின் நடத்தையை அளந்த ஆய்வு இது. இத்தகையவை குறைவாகவே இருக்கின்றன என்பது நம் கேள்விகளின் சாய்வைக் காட்டுகிறது.

இப்போது ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ‘பொருள், தத்துவம் எல்லாம் இருக்கட்டும், வல்லுநரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும் குடும்பங்களுக்கு விரைவாகப் பதில் சொல்லும் கருவி வேண்டாமா?’ வேண்டும். இந்த மறுப்பை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருவி எவ்வளவு சொல்கிறது என்று பார்ப்போம். கிளின், ஜோன்ஸ் வழியில் உருவான கண்ணசைவுக் கருவி அமெரிக்காவில் 2022இல் அரசின் அனுமதி பெற்றது. 2023இல் வெளியான அதன் சோதனையில், ஆறு சிறப்பு மருத்துவ மையங்களில் 16 முதல் 30 மாத வயதுள்ள 475 குழந்தைகளின் முடிவுகள் வல்லுநர் தீர்ப்போடு ஒப்பிடப்பட்டன. ஆட்டிசம் உள்ள நூறு பேரில் 71 பேரை அது சரியாகக் கண்டது. இல்லாத நூறு பேரில் ஏறத்தாழ 81 பேரை இல்லை என்றது. அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே ஐயத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஆட்டிசம் இருந்தது. அதே கருவியைத் தூக்கிக்கொண்டு போய் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளிடமும் வைத்தால் என்ன ஆகும்? ஆயிரம் குழந்தைகளில் பத்துப் பேருக்கு ஆட்டிசம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு பேரைக் கண்டுபிடிக்கும், மூன்று பேரைத் தவறவிடும். மீதி 990 பேரில் ஏறத்தாழ 190 பேரைத் தவறாகச் சுட்டும். ஏழு பேருக்காக 190 வீடுகளில் உறக்கம் கெடும். கருவி மாறவில்லை, துல்லியம் மாறவில்லை, வைத்த இடம் மாறியது. அதனால்தான் அது மருத்துவருக்குத் துணை என்ற எல்லைக்குள் அனுமதி பெற்றிருக்கிறது.

அந்த ஆய்விலேயே இன்னொரு செய்தி ஓரமாக இருக்கிறது. வல்லுநர்கள் தம் தீர்ப்பில் உறுதியாக இருந்தது பத்துக் குழந்தைகளில் ஏழு பேரைப் பற்றி மட்டுமே. உறுதியாக இருந்த குழந்தைகளிடம் கருவியின் துல்லியமும் உயர்ந்தது: 71 என்றது 78 ஆயிற்று. எந்த உரைகல்லில் கருவியை உரசிப் பார்க்கிறோமோ அந்தக் கல்லே பத்தில் மூன்று இடங்களில் மங்கலாக இருக்கிறது. ‘கருவி புறவயமானது, மருத்துவர் அகவயமானவர்’ என்று எதிரெதிராக நிறுத்திப் பேசுவது இங்கே நொறுங்கிப்போகிறது. மருத்துவரின் கணிப்பை அளவுகோலாக வைத்துத்தான் கருவி பழகியிருக்கிறது. அவரது ஐயமும் அதற்குள் இறங்கியிருக்கிறது.

இந்தியாவுக்குப் பொருந்தும் முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை தருவது டெல்லியில் சோதிக்கப்பட்ட ‘ஸ்டார்ட்’ என்ற டேப்லட் செயலி. வல்லுநர் அல்லாத சுகாதாரப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே எடுத்துச் சென்று விளையாட்டாகச் செய்ய வைக்கும் கருவி அது. அதைப் பற்றிய ஆய்வில் இரண்டு முதல் ஏழு வயதுள்ள 131 குழந்தைகளிடம் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது ஒப்பீட்டுக்கு எடுத்த குழுக்கள்: ஆட்டிசம் உள்ளவர்கள், எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் என்று இரண்டோடு நிறுத்தாமல், அறிவுத்திறன் குறைபாடு மட்டும் உள்ளவர்களையும் சேர்த்தார்கள். ஆரோக்கியமான குழந்தையிலிருந்து ஆட்டிசக் குழந்தையைப் பிரிப்பது எளிது. களத்தில் வரும் உண்மையான சிக்கல், பேச்சு தாமதமான பல வகைக் குழந்தைகளுக்கு இடையே பிரித்தறிவது. கடினமான கேள்வியை ஆய்வுக்குள்ளேயே வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஏனென்றால் பொதுவாக ஆய்வுகள் அளப்பதற்கு வசதியான குழந்தைகளை நோக்கியே சரிந்திருக்கின்றன. 2019இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, 2016இல் ஆட்டிசத்துக்கென்றே உள்ள இதழ்களில் அச்சான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 விழுக்காட்டினருக்கு அறிவுத்திறன் குறைபாடு இல்லை. திரைக்கு முன் உட்கார்கிறவர், தலையை அசைக்காதவர், தலையில் மாட்டிய கருவியைப் பிய்த்து எறியாதவர் ஆகியோரின் எண்களே கணக்கில் ஏறுகின்றன. ‘தரவு போதாது’ என்று நீக்கப்படும் குழந்தைதான் பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படும் குழந்தை. அசைவே எப்படி ஏமாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர் மூளையில் தொலைதூரப் பகுதிகளுக்கிடையே இணைப்புக் குறைவு என்று பல மூளைப்பட ஆய்வுகள் சொல்லிவந்தன. 2012இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், படமெடுக்கும்போது தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே தொலைதூர இணைப்பு குறைந்ததுபோலவும் பக்கத்து இணைப்பு கூடியதுபோலவும் படம் காட்டும் என்று நிறுவினார்கள். குழந்தைகளும் ஆட்டிசம் உள்ளவர்களும் படுக்கையில் சற்று அதிகம் அசைவார்கள். முந்தைய முடிவுகள் எல்லாம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அவற்றில் எவ்வளவு மூளை, எவ்வளவு தலையசைவு என்று திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ‘ஆட்டிசம் உள்ளவரையே கேளுங்கள் என்கிறீர்கள். பேச்சே வராத, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளையிடம் எதைக் கேட்பது? அவனுக்காகக் கருவிதானே பேச வேண்டும்?’ இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரின் இரவுகளை மதித்தே பதில் சொல்ல வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை ‘வேறுபாடு’ என்று அழகுபடுத்த நான் வரவில்லை. அது துன்பம், நிறுத்தப்பட வேண்டியது. 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த, ஆட்டிசம் உள்ள 70 சிறுவர், இளைஞர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். இதயத் துடிப்பு, வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்தும் தன்மை, கையின் அசைவு ஆகியவற்றை அது பதிவு செய்தது. 429 மணி நேரத்தில் 6,665 நிகழ்வுகள்: பிறரைத் தாக்கியது, தன்னைக் காயப்படுத்திக்கொண்டது, கட்டுமீறிக் கலங்கியது. இவற்றில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவையே பாதிக்கு மேல். நிகழ்வு நேர்வதற்கு மூன்று நிமிடம் முன்பே அது வரப்போகிறது என்பதை ஓரளவு நம்பத்தக்க விதத்தில் கணினி கணித்தது. அமைதியான ஒரு வேளையையும் வெடிப்பதற்கு முந்தைய ஒரு வேளையையும் அருகருகே வைத்தால், நூற்றுக்கு எண்பது முறை எது எது என்று அது சரியாகச் சொல்லும்.

வெளியே முகம் எதையும் காட்டாத பிள்ளையின் உடலுக்குள் மூன்று நிமிடமாகப் புயல் திரள்கிறது என்பதே இந்த ஆய்வின் உண்மையான செய்தி. ‘காரணமே இல்லாமல் அடித்தான்’ என்று ஆண்டுக்கணக்காக எழுதப்பட்ட குறிப்புகள் தவறு என்று இது காட்டுகிறது. காரணம் இருந்தது, நமக்குத் தெரியவில்லை. அந்தக் காரணம் மின்விசிறியின் சத்தமா, பல்வலியா, மாறிப்போன சாப்பாட்டு நேரமா என்று பட்டை சொல்லாது. அதை அந்தப் பிள்ளையோடு நாள் கழிப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பேசாதவர் என்பதற்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர் என்று பொருள் இல்லை. படஅட்டையோ, டேப்லட்டில் தொட்டால் பேசும் செயலியோ கொடுத்தால் சொல்லக்கூடியவர்கள் பலர். ஆய்வுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அந்த வழியைத் திறப்பதற்கும் போனால், கேட்க ஆள் இல்லை என்ற நிலையே குறையும்.

சட்டமும் இதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைப் பொதுவாகத் தடை செய்து, விலக்களிக்கும் அதிகாரத்தை அரசிடம் வைத்திருக்கிறது. மருத்துவத்துக்கு விலக்கு தேவைதான். ஆனால் விலக்கின் நிழலில், சிகிச்சைக்கென்று எடுத்த ஒரு குழந்தையின் அழுகையும் கை உதறலும் வேறெங்கோ கணினியைப் பழக்கும் சரக்காக மாறிவிடாமல் பார்ப்பது பெற்றோர், மருத்துவர், ஆய்வாளர் மூவரின் பொறுப்பு.

மணிக்கட்டுப் பட்டைக்கே திரும்புகிறேன். மூன்று நிமிட முன்னறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய திட்டங்களில் அந்த எச்சரிக்கை போய்ச் சேர்வது பணியாளரின் கைக்கு. அவர் என்ன செய்வார்? ஆள் கூட்டிவந்து பிள்ளையின் கையைப் பிடிக்கவும் அந்த மூன்று நிமிடம் போதும். விளக்கைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அவன் போக விரும்பும் அமைதியான அறையின் கதவைத் திறந்து வைக்கவும் போதும். எண் ஒன்றுதான். நான் ஆய்வாளர்களிடம் கேட்பது இது: பட்டையை வடிவமைக்கும் மேசையில், அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்களில் சிலரை உட்கார வையுங்கள். பட்டை முதலில் யாரிடம் அதிர வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். தன் உடல் கொதிக்கத் தொடங்குவதைத் தானே உணர முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளைக்கு, அந்த அதிர்வு அவன் மணிக்கட்டிலேயே மெல்ல வந்தால், எழுந்து வெளியே போக அவனுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும்.